துணையென்று வந்தது எசமானானது

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் விடுமுறையிலும் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுத் தக்கலையில் இந்த அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'இணைய வணிகம் ஊர்க் கடைக்காரருக்குத் துணையா, எசமானா?' என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. துணையே என்று வாதிட்ட எதிரணித் தலைவர் மூன்று சான்றுகளை எடுத்துவைத்தார்: சாயாக்கடை முதல் மீன்சந்தை வரை தொங்கும் க்யூஆர் அட்டை, தோவாளைப் பூ வியாபாரிகள் வாட்ஸ்அப்பில் பகிரும் விலை நிலவரம், வீட்டிலிருந்தபடியே முந்திரிக்கொத்து செய்து வெளியூருக்கு அனுப்பும் பெண்கள். மூன்றையும் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் இந்த மூன்றிலும் ஒரு பொது அம்சம் இருப்பதை அவர் கவனிக்கவில்லை. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நின்று ஒருவரை மற்றவரிடமிருந்து மறைக்க இங்கே யாரும் இல்லை. எங்கள் அணியின் வழக்கே அந்த நடுவாள் மீதுதான்.

முதலில் க்யூஆர் அட்டை. யுபிஐ 2016-இல் இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தால் தொடங்கப்பட்டது. வாங்குபவர் கைப்பேசியில் எந்தச் செயலி இருந்தாலும், கடையில் எந்த நிறுவனத்தின் அட்டை ஒட்டியிருந்தாலும் பணம் போய்ச் சேரும். வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியே பணம் பெறும் வணிகரிடம் 2020 ஜனவரி முதல் எம்டிஆர் என்னும் கட்டணம் வாங்கப்படுவதுமில்லை. அது பொதுவழி. வழியில் நடப்பவரை நிறுத்தி, 'அந்தக் கடை வேண்டாம், இந்தக் கடைக்குப் போ' என்று எந்தப் பொதுவழியும் சொல்வதில்லை. ஆகவே எதிரணியினர் கொண்டுவந்த சாட்சி எங்கள் பக்கம்தான் பேசுகிறது.

இனி நாகர்கோவிலில் மாலை ஏழு மணிக்கு ஏதேனும் ஓர் உணவகத்தின் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். மேசை மீதுள்ள, உணவு விநியோகச் செயலியின் டேப்லெட் மணியடிக்கிறது. சிறிய அச்சுப்பொறியிலிருந்து ஒரு சீட்டு வெளியே வருகிறது. அதில் ஆர்டர் எண்ணும், இரண்டு பரோட்டா ஒரு சால்னா என்ற விவரமும், அதிகம் போனால் வாங்குபவரின் பெயரும் இருக்கின்றன. தலைக்கவசத்தைக் கழற்றாமலே ஒரு தம்பி வந்து, எண்ணைச் சொல்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போகிறார். அந்த உணவு வடசேரிக்குப் போனதா, வெட்டூர்ணிமடத்துக்குப் போனதா, கேட்டவர் போன வாரமும் கேட்டவர்தானா, சால்னாவில் காரம் கூடிப்போனதால் இனிக் கேட்கவே மாட்டாரா என்பவை எல்லாம் செயலிக்குத் தெரியும். அடுப்பில் வெந்தவருக்குத் தெரியாது. சாப்பிட்டவரிடம் 'எங்கே வாங்கியது?' என்று கேட்டுப் பாருங்கள். கடையின் பெயரைச் சொல்ல மாட்டார், செயலியின் பெயரைத்தான் சொல்வார்.

(எதிரணித் தலைவர் மேடை ஏறுமுன் குடித்த சாயா செயலியில் வந்ததன்று என்பதை நான் பார்த்தேன், நடுவர் அவர்களே. சீனி வேண்டாம் என்று அவர் சொல்லவுமில்லை, கடைக்காரர் போடவுமில்லை.)

இது ஏதோ தக்கலைக்காரர்களின் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. இந்திய தேசிய உணவகங்கள் சங்கம் 2021-இல் இந்தியப் போட்டி ஆணையத்தில் அளித்த புகாரில், மிகையான கமிஷனோடு வாடிக்கையாளர் விவரங்களை மறைப்பதும் ஒரு குறையாகச் சொல்லப்பட்டிருந்தது. புகாரில் இருந்த எல்லாவற்றையும் ஆணையம் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் செயலிகள் நடுநிலையோடு நடந்துகொள்கின்றனவா, விலையில் நிபந்தனை விதிக்கின்றனவா என்று விசாரிக்க 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. வாங்குபவர் சம்மதித்தால் அவருடைய எண்ணை உணவகத்துக்குத் தரலாம் என்ற பேச்சு அண்மையில்தான் எழுந்திருக்கிறது. தன் கடையில் சாப்பிட்டவர் யார் என்று தெரிந்துகொள்ள ஒருவர் நடுவில் நிற்கும் செயலியின் அனுமதிக்காகக் காத்திருக்க நேர்ந்தால், அந்தச் செயலியைத் துணை என்று எந்த அகராதி சொல்லும்?

அரசே இதை உணர்ந்திருக்கிறது. ஓஎன்டிசி என்னும் திறந்த வணிக வலைப்பின்னலை 2022-இல் கோயம்புத்தூர் உள்ளிட்ட ஐந்து நகரங்களில் சோதனை முறையில் தொடங்கியதன் நோக்கம், ஒரு சில தளங்களின் கையில் வணிகம் குவிந்துவிடாமல், யுபிஐயைப் போலவே எந்தச் செயலியிலிருந்தும் எந்தக் கடையிலும் வாங்கும்படி செய்வதுதான். எசமானே இல்லாத இடத்தில் விடுதலைக்கு ஏற்பாடு எதற்கு?

கடைவாடகையும் கொடுக்கத்தானே செய்கிறோம், கமிஷனும் அப்படித்தானே என்று எதிரணியில் ஒரு சகோதரி கேட்டார். வாடகை ஒப்பந்தத்தில் எழுதிய தொகை. வியாபாரம் கூடினாலும் குறைந்தாலும் அது மாறாது, மீதி கடைக்காரருக்கு. கமிஷனோ ஒவ்வொரு பொட்டலத்திலும் பங்கு கேட்கிறது. அதற்கு மேல், பட்டியலில் முன்னால் வர விளம்பரத்துக்குத் தனிப் பணம். பண்டிகைத் தள்ளுபடியில் ஒரு பகுதியும் கடைக்காரர் தலையில். வாடகைக்கு இடம் தந்தவர், வாசலுக்கு வந்தவரை எதிர்க்கடைக்கு அனுப்பியதாக நம் மாவட்டத்தில் நான் கேள்விப்பட்டதில்லை.

வாங்குபவருக்கு இதனால் நன்மை இல்லையா என்றால், உண்டு. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும், 2023-இல் 13 வகை ஏமாற்று உத்திகளுக்குத் தடை விதித்த வழிகாட்டுதலும் அவருக்குக் காப்பாக இருக்கின்றன. ஆனால் தலைப்பு கடைக்காரரைப் பற்றியது. அந்தக் காப்பு நுகர்வோருக்கென்று எழுதப்பட்டது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் இங்கே இரண்டு: சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகு கரையில் நிற்கும் அந்த நாட்களில் வேலையில்லாத வீட்டுக்கு அரிசியும் பருப்பும் பற்றில் கொடுப்பவர் தெருமுனைக் கடைக்காரர். எந்த அடமானமும் அவர் வாங்குவதில்லை. யார் வீட்டில் எத்தனை பேர், யார் தடை முடிந்ததும் முதல் வேலையாகக் கணக்கைத் தீர்ப்பார், யாரிடம் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும் என்ற அறிவு ஒன்றுதான் அவருக்கு முதல். செயலிகளும் இன்று 'பிறகு செலுத்துங்கள்' என்கின்றன. வங்கியில் மாதாமாதம் சம்பளம் விழுபவரையும், கடன் மதிப்பெண் உள்ளவரையும் பார்த்துத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்கின்றன. மற்ற மாதங்களில் அதே வீடுகளின் கைப்பணமெல்லாம் செயலிக்குப் போய்விட்டால், தடைக்காலத்தில் பற்றுக் கொடுக்க அந்தக் கடைக்காரரிடம் சரக்கும் இருக்காது, அந்த வீட்டைப் பற்றிய விவரமும் இருக்காது.

எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் சொந்தமாகக் கடை வைத்திருப்பவர், செயலியிலும் விற்பவர். நடுவர் அவர்கள் அனுமதித்தால், போன மாதம் அந்தச் செயலி வழியாகத் தம்மிடம் வாங்கியவர்களில் ஒரே ஒருவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதைச் சொல்லிவிட்டு அவர் தம் வாதத்தைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.