மரங்களுக்கு ஒரு கணக்கு நாள்

நேயர்களுக்கு வணக்கம். நமக்குத் தைப்பூசம் வரும் பௌர்ணமியை ஒட்டியே பெரும்பாலான ஆண்டுகளில் யூதர்கள் மரங்களுக்குப் புத்தாண்டு கொண்டாடுகிறார்கள். து பிஷ்வாத் என்று பெயர். யூத நாட்காட்டியில் ஷெவாத் மாதத்தின் 15ஆம் நாள். மரத்துக்கு எதற்குப் புத்தாண்டு என்று கேட்பீர்கள். வரிக் கணக்குக்குத்தான்!

விளையாட்டாகச் சொல்லவில்லை. சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் தொகுத்த மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பிலேயே இது இருக்கிறது. விளைந்த பழத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை. போன வருஷத்துப் பழத்தையும் இந்த வருஷத்துப் பழத்தையும் கலந்து கணக்குக் காட்டக் கூடாது. அப்படியானால் எங்காவது ஒரு கோடு போட வேண்டுமே? நமக்கு மார்ச் 31 மாதிரி. அந்தக் காலத்தில் இரண்டு குரு மரபுகள். ஷம்மாய் வழியினர் மாதத்தின் முதல் நாள் என்றார்கள், ஹில்லேல் வழியினர் 15 என்றார்கள். நிலைத்தது 15தான். இஸ்ரேல் பகுதியில் மழை குளிர்காலத்தில். அதில் பெரும்பகுதி அதற்குள் பெய்து முடிந்திருக்கும், பாதாம் மரம் பூக்கத் தொடங்கியிருக்கும்.

மரத்தின் வயதையும் இந்த நாளை வைத்துத்தான் எண்ணினார்கள். நட்ட மரத்தின் முதல் 3 ஆண்டுக் கனியை வாயில் வைக்கக் கூடாது. 4ஆம் ஆண்டுக் கனியை ஜெருசலேமுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட வேண்டும். 5ஆம் ஆண்டில்தான் வீட்டுக்கு. அதாவது நட்டவர் அத்தனை நாளும் அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தப் பண்டிகையில் எனக்குப் பிடித்தது இதுதான். மரம் நடு விழா என்று யாராவது என்னைக் கூப்பிட்டால், 5ஆம் ஆண்டு என்னைக் கூப்பிடுவீர்களா என்று கேட்பேன். அதனாலோ என்னவோ, இப்போதெல்லாம் கூப்பிடுவதில்லை.

16ஆம் நூற்றாண்டில், இன்றைய இஸ்ரேலில் இருக்கும் சஃபேத் நகரத்து ஞானிகளின் மரபில் இது பழமும் திராட்சை ரசமும் வைத்து உண்ணும் விழாவானது. அழகான சடங்கு, அதைத் தனியாக ஒருநாள் பேசலாம். மரம் நடும் வழக்கம் புதுசு. 1890இல் ஸேயேவ் யாவெட்ஸ் என்ற ஆசிரியர், ஸிக்ரோன் யாக்கோவ் ஊரில் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய் நட்டார். பிறகு பள்ளிகள் பிடித்துக்கொண்டன, 1901இல் தொடங்கிய, அங்கே நிலம் வாங்கி மரம் நடும் யூத தேசிய நிதியம் பிடித்துக்கொண்டது. 24 கோடிக்கு மேல் நட்டிருப்பதாக அந்த அமைப்பு சொல்கிறது.

சரி, என்ன மரம்? இங்கேதான் நான் பைன் மரத்துக்கு வந்துவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பல பத்தாண்டுகள் அவர்கள் அதிகம் நட்டது அலெப்போ பைன். கல்லுத் தரையிலும் வரும், சீக்கிரம் வளரும், மலை பச்சையாகிவிடும். புகைப்படத்துக்கு அருமை. ஆனால் ஒரே வயதில் ஒரே மரம் நெருக்கமாக நின்றால், பூச்சி வந்தால் எல்லாவற்றுக்கும் வரும், தீப்பிடித்தால் எல்லாம் போகும். காய்ந்த ஊசி இலை தீக்கு நல்ல தீனி. 2010 டிசம்பரில் இஸ்ரேலின் கார்மேல் மலையில் பிடித்த தீயில் 44 பேர் இறந்தார்கள். அங்கே தானாக முளைத்த பைனும் உண்டு, நட்ட பைனும் உண்டு. அதன்பின் வனத்துறையினர், பெரும்பகுதியில் மறுபடி நடாமல் காடு தானாக எழட்டும் என்று விட்டார்கள். நெருக்கமாக முளைத்த பைன் கன்றுகளைக் களைந்தார்கள். மரத்துக்குப் புத்தாண்டு கொண்டாடும் நாட்டில், நடாமல் இருப்பதும் மரத்துக்குச் செய்யும் உபகாரம்! இப்போது ஓக், கரோப் என்று பலவகை மரங்களைக் கலந்து நடுகிறார்கள். 5ஆம் ஆண்டுக் கேள்வியை 50ஆம் ஆண்டில் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பைன் காடுகளில் சில, இஸ்ரேல் உருவான 1948 போரில் மக்கள் வெளியேறி ஆளில்லாமல் போன பாலஸ்தீன கிராமங்களின் இடிபாடுகள் மேல் நிற்கின்றன. முற்றுகையிட்ட ஊரின் பழமரத்தைக் கூட வெட்டாதே என்பது அவர்களுடைய வேதத்தின் கட்டளை. பாலஸ்தீனர்களின் ஒலிவ மரங்கள் பிடுங்கப்படும் செய்தி வரும்போது, இந்தக் கட்டளையைச் சுட்டிக்காட்டுகிற யூத மதகுருக்களும் இருக்கிறார்கள்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், 1 நிமிஷம்தானாம். கலிபோர்னியா கதையைப் பெரிதாகச் சொல்ல வைத்திருந்தேன். 1997 து பிஷ்வாத் சமயத்தில், ரெட்வுட் என்ற மிக உயரமான மரங்கள் நிற்கும் ஹெட்வாட்டர்ஸ் காடு வெட்டப்படுவதை எதிர்த்து, மதகுருக்களும் பொதுமக்களும் மரக் கம்பெனியின் நிலத்துக்குள் அனுமதி இல்லாமலே போய்க் கன்று நட்டார்கள். காட்டைக் காக்கப் பலர் பல வருஷம் போராடினார்கள். 1999இல் அரசு அதை வாங்கிக் காப்பகமாக்கியது. மற்றதை அடுத்த முறை கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.