கழற்ற முடியாத கருவியை எப்படி நம்புவது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'இன்றைய பவர் டூல்கள் தச்சருக்குத் துணையா, தண்டச் செலவா?' என்பது தலைப்பு. தண்டச் செலவே என்று பேச வந்திருக்கிறேன். எடை குறைவு, ஒயர் இல்லை, விலையும் மலிவு என்றார் எதிரணி நண்பர். சரி, மூன்றும் உண்மைதான். எத்தனை நாளைக்கு என்பதை மட்டும் அவர் சொல்லவே இல்லை.

என் அப்பா தச்சர். 1988-ல் அவர் வாங்கிய டிரில் மெஷினைப் பையில் எடுத்து வந்திருக்கிறேன். இதோ, மோட்டாருக்கு இரண்டு பக்கமும் காசளவு மூடி தெரிகிறதா? ஸ்க்ரூ டிரைவரால் திருகினால், மோட்டாரின் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் கையோடு வந்துவிடும். தேய்ந்திருந்தால் புதுசு போட்டு மூடலாம், ஐந்து நிமிட வேலை. இரண்டு தடவை மோட்டாரின் கம்பிச்சுருள், அதாவது காயில், எரிந்தது. இரண்டு தடவையும், கம்பியைப் புதிதாகச் சுற்றித் தரும் வைண்டிங் கடையில் கட்டி வாங்கி வந்தார். இன்றும் ஓடுகிறது.

அப்புறம் நான் வாங்கிய பேட்டரி டிரில். இரண்டாம் வருஷமே, ஒரு வீட்டில் கதவுக்குக் கீல் முடுக்கிக்கொண்டிருந்தபோது நின்றுபோனது. பேட்டரி பேக்கைத் திறந்தால் 3.6 வோல்ட் செல் ஐந்து, சேர்த்து 18 வோல்ட். நான்கு நன்றாக இருக்கின்றன, ஒன்று செத்திருக்கிறது. அந்த ஒன்றுக்காக உள்ளே இருக்கும் சர்க்யூட் முழு பேக்கையும் முடக்கிவிட்டது. செல்லை மட்டும் மாற்ற முடியாது என்றார்கள் சர்வீஸ் சென்டரில். அந்த மாடல் பேக்கும் வருவதில்லை, வேறு கம்பெனி பேட்டரியும் பொருந்தாது. மோட்டார் உயிரோடு இருக்கும்போதே டிரில் காயலான் கடைக்குப் போனது. இதே ஐந்து செல் பேக்கை அமெரிக்காவில் '20 வோல்ட் மேக்ஸ்' என்று அச்சடித்து விற்கிறார்கள். முழு சார்ஜில், வேலை எதுவும் கொடுக்காதபோது காட்டும் கணக்கு அது. பெட்டி மேல் இருக்கும் எண்ணையே நம்ப முடியவில்லை, நடுவர் அவர்களே!

பிரஷ்லெஸ் மோட்டாரில் தேய்வதற்குக் கார்பனே கிடையாது என்று அடுத்து வருபவர் சொல்வார். நல்ல மோட்டார்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை ஓட்டும் எலக்ட்ரானிக் போர்டைப் பல கருவிகளில் பிசின் ஊற்றி மூடியிருக்கிறார்கள். போர்டு போனால் வைண்டிங் கடைக்காரர் என்ன செய்வார்?

கம்பெனிக்காரன் வேண்டுமென்றே ஆயுளைக் குறைப்பானா என்றும் கேட்டார்கள். குறைத்திருக்கிறான். 1924-ல் உலகின் பெரிய பல்பு கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி ஒப்பந்தம் போட்டன. 1,500 மணி நேரத்துக்கும் மேல் எரிந்துகொண்டிருந்த பல்பை 1,000 மணி நேரத்துக்குக் கொண்டுவந்தன. அதைத் தாண்டி எரியும் பல்பைச் செய்த கம்பெனிக்கு அபராதம் வேறு!

அப்பாவின் டிரிலை உங்கள் மேஜை மேல் வைக்கிறேன். தீர்ப்பு சொல்லும் முன் அந்த மூடியை நீங்களே ஒரு தடவை திருகிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.