பார்க்காமல் விட்டதையும் எழுதுங்கள்

(சட்ட மாணவர்களும் கணினி மாணவர்களும் சேர்ந்து கேட்ட உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கணினி தடயவியல் என்றதும் ரைட் பிளாக்கர் (டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் தடுப்பது), இமேஜ் எடுப்பது (டிஸ்க்கை அப்படியே பிரதி எடுப்பது), ஹேஷ் வேல்யூ (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) என்று கருவிகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதையெல்லாம் உங்கள் பேராசிரியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள். நான் ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் நார்விச் என்ற ஊர். 2004 அக்டோபர் 19. அங்குள்ள கெல்லி நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு, வழக்கமான ஆசிரியருக்குப் பதிலாக ஒருவர் வருகிறார். வகுப்பிலிருந்த கணினியில் விண்டோஸ் 98. ஆன்டிவைரஸ் காலாவதி. பள்ளியின் இணைய வடிகட்டியும் புதுப்பிக்கப்படவில்லை. பிள்ளைகள் யாரோ முடி அலங்காரம் பற்றிய ஒரு தளத்தைப் பார்த்திருக்கிறார்கள். அதிலிருந்து ஆபாசப் படங்கள் பாப்-அப்பாகக் கிளம்பிவிட்டன. ஒன்றை மூடினால் இன்னொன்று. கணினியை அணைக்கக் கூடாது என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். அந்த அம்மாவும் கணினி தெரிந்தவர் இல்லை. பிள்ளைகள் பார்த்தார்கள், விஷயம் வெளியே போனது, வழக்கானது. 2007 ஜனவரியில் ஜூரிகள் நான்கு பிரிவுகளில் அவரைக் குற்றவாளி என்றார்கள். 40 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம்.

சாட்சி சொன்னவர் ஒரு போலீஸ் துப்பறிவாளர். ஹார்ட் டிஸ்க்கில் எந்தெந்தப் பக்கம் எப்போது திறந்தது என்று ஒரு மென்பொருளைக் கொண்டு பட்டியல் எடுத்திருந்தார். பட்டியல் சரிதான். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. இந்தப் பக்கங்கள் திறக்க வேண்டுமென்றால் ஒருவர் கையால் கிளிக் செய்திருக்க வேண்டும் என்றார். ஒரு லிங்க் சிவப்பாக இருப்பதைக் காட்டி, ஏற்கெனவே கிளிக் செய்ததால்தான் இந்த நிறம் என்றும் வாதிட்டார்கள். பிறகு தன்னார்வமாகச் சேர்ந்த நிபுணர்கள் அந்த டிஸ்க்கின் பிரதியை ஆராய்ந்தார்கள். அந்தச் சிவப்பு, பக்கத்தை வடிவமைத்தவர் கொடுத்த எழுத்து நிறம்! கணினியில் ஸ்பைவேர், அதாவது உரியவருக்குத் தெரியாமல் புகுந்து இயங்கும் மென்பொருள், இருக்கிறதா என்று போலீஸ் தரப்பு பார்க்கவே இல்லை என்பதும் தெரிந்தது.

2007 ஜூனில் தீர்ப்பு ரத்தாகி, மறுவிசாரணைக்கு உத்தரவானது. அப்புறமாவது விட்டார்களா என்றால் இல்லை. 2008 நவம்பரில் அவர் ஒரு சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டு, 100 டாலர் கட்டி, ஆசிரியர் உரிமத்தையும் இழந்துதான் வெளியே வந்தார்.

இதில் யாரும் ஆதாரத்தைத் திருத்தவில்லை. யாரும் லஞ்சம் வாங்கவில்லை. அந்தத் துப்பறிவாளர் பொய் சொன்னார் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். தான் சொன்னதை அவர் நம்பியிருப்பார். கணினி ஒரு பக்கத்தைத் திறந்தது என்பது டிஸ்க் சொல்வது. இன்னார் திறந்தார் என்பது அவராகச் சேர்த்துக்கொண்டது. நம் தொழிலில் பெரும்பாலான அநியாயம் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. கூண்டில் ஏறி நிற்கும் நிபுணரிடம், “அப்படியென்றால் இவர்தானே செய்தார்?” என்று வக்கீல் கேட்கும்போது, “அது எனக்குத் தெரியாது, டிஸ்க்கிலிருந்து அதைச் சொல்ல முடியாது” என்று பதில் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். உங்களை அழைத்து வந்தவரே முகம் சுளிப்பார்.

2011-ல் ஃபுளோரிடாவில் நடந்த கேசி ஆந்தனி வழக்கு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தன் இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்றதாக ஒரு தாய் மேல் போட்ட வழக்கு. வீட்டுக் கணினியில் குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்து பற்றிய ஒரு பக்கம் 84 முறை பார்க்கப்பட்டது என்று அரசுத் தரப்பு நிபுணர் சாட்சி சொன்னார். அந்தக் கணக்கை எடுத்த மென்பொருளை எழுதியவரும் அவரே. சாட்சி சொன்ன பிறகு, கணக்கு இடிக்கிறதே என்று மறுபடி உட்கார்ந்து பார்த்தார். பார்க்கப்பட்டது ஒரே ஒரு முறை. 84 என்ற எண் மைஸ்பேஸ் தளத்துக்கு உரியது. மென்பொருள் அதை இதில் ஒட்டிவிட்டது. உடனே அரசுத் தரப்புக்கும் போலீஸுக்கும் தெரிவித்தார். தன் பெயரில் விற்கும் சரக்கு தப்பு என்று தானே சொல்வது லேசான காரியமா? அந்தத் திருத்தம் ஜூரிகளிடம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்பதில் பின்னால் பெரிய சர்ச்சை. ஜூலை 5-ல் கொலைக் குற்றத்திலிருந்து அந்தப் பெண் விடுதலையானார்.

அதே வழக்கில் எதிர்ப்பக்கமாகவும் ஒன்று நடந்தது. போலீஸ் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் பதிவுகளை எடுத்தது, ஃபயர்பாக்ஸ் என்ற இன்னொரு பிரவுசரை விட்டுவிட்டது. மூச்சுத் திணறடிப்பது பற்றிய ஒரு தேடல் அங்கே கிடந்தது 2012-ல்தான் வெளியே வந்தது. அரைகுறை வேலை யாருக்குச் சாதகமாகப் போகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

“நான் நடுநிலையானவன், எனக்கு இதெல்லாம் பொருந்தாது” என்று நினைப்பவர்களுக்கு ஒரு ஆய்வு. சுண்டே, டிரோர் என்ற இரு ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்டது. 53 தடயவியல் ஆய்வாளர்களிடம் ஒரே டிஸ்க் பிரதியைக் கொடுத்து, பின்னணிக் கதையை மட்டும் மாற்றிச் சொன்னார்கள். சந்தேக நபர் நிரபராதியாக இருக்கலாம் என்று கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவான தடயங்களைக் கண்டார்கள். ஒரே கதையைக் கேட்டவர்களுக்குள்ளேயே முடிவுகள் ஒத்துப்போகவில்லை. அதனால், விசாரணை அதிகாரி டீ வாங்கிக் கொடுத்து, “சார், இவன்தான், ஒத்துக்கொண்டுவிட்டான்” என்று ஆரம்பித்தால், டீயைக் குடியுங்கள், கதையைப் பிறகு கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, எதைப் பார்க்கலாம் என்ற கேள்வி. 1999-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கேரி வழக்கு. போதைப்பொருள் விற்பனை ஆவணங்களைத் தேட வாரண்ட் வாங்கிய அதிகாரி, குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் ஒரு படத்தைக் காண்கிறார். அங்கேயே நிறுத்திவிட்டுப் புது வாரண்ட் கேட்டிருக்கலாம். அவர் படங்களாகத் திறந்துகொண்டே போனார். பிறகு திறந்தவற்றை ஆதாரமாக ஏற்க முடியாது என்றது நீதிமன்றம். கொடிய குற்றவாளிக்கு இப்படி ஒரு சலுகையா என்று முதலில் எனக்கும் கோபம் வந்தது. ஆனால் ஒரு போனைக் கையில் வாங்கும்போது அந்த வீட்டின் மருத்துவ ரிப்போர்ட், வங்கிக் கணக்கு, காதல் கடிதம் எல்லாமே நம் மேசைக்கு வந்துவிடுகின்றன. கேட்காததைப் பார்க்காமல் இருப்பதற்கு ஒரு வேலி வேண்டும்தான்.

தனியார் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் நெருக்கமாக வரும். “என் மனைவியின் போனைத் திறந்து வாட்ஸ்அப்பை எடுத்துக் கொடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன்” என்று ஒருவர் வந்து உட்காருவார். போனுக்குப் பில் கட்டுவது அவராகவே இருக்கலாம். உரியவரின் அனுமதி இல்லாமல் திறந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆம் பிரிவுகள் உங்கள் மேல்தான் பாயும். மூன்று ஆண்டுகள் வரை சிறை. வழக்கு ஜெயித்தால் இவ்வளவு என்று கூலி பேசுவதும் அதே ரகம்தான். அப்படிப் பேசிய நிமிடமே நீங்கள் சாட்சி இல்லை, பங்காளி.

சரி, நம் ஊர்ச் சட்டத்துக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன் 63-ஆம் பிரிவில் மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் இரண்டு பகுதியாக இருக்கிறது. அ பகுதி ஆதாரத்தைத் தாக்கல் செய்பவருக்கு, ஆ பகுதி நிபுணருக்கு. எந்த முறையில் ஹேஷ் எடுத்தீர்கள் என்று எழுத வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஹேஷ் பொருந்துகிறது என்றால், கணக்கிட்ட பிறகு கோப்பு மாறவில்லை என்று மட்டும்தான் பொருள். அதற்கு முன்னால் அந்தக் கோப்பை யார் அங்கே வைத்தார்கள் என்பதை அது சொல்லாது. வக்கீலாகப் போகிறவர்கள் குறுக்கு விசாரணையில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

நான் இளையவர்களிடம் சொல்வது, அறிக்கையின் கடைசியில் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்த பிரவுசரைப் பார்க்கவில்லை, ஸ்பைவேர் சோதனை செய்தீர்களா, கணினியின் கடிகாரம் சரியாக ஓடியதா, எந்தக் கணக்கை இரண்டாவது கருவியில் சரிபார்க்கவில்லை, எல்லாவற்றையும் எழுதுங்கள். விசாரணை அதிகாரி அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்வார். உங்கள் கையெழுத்தை அந்தப் பக்கத்தின் கீழே போடுங்கள்.