பாஸ்புக்கில் 295 ரூபாய்

நேயர்களுக்கு வணக்கம். பாஸ்புக்கில் வரவு செலவைப் பதிந்து வாங்கியதும் நாம் செய்வது ஒன்றுதான். கடைசி வரியில் மீதியைப் பார்ப்போம், மூடி வைப்போம். நடுவில் 17 ரூபாய் 70 காசு, 295 ரூபாய் என்று கழிந்திருக்கும். 'ஏதோ பிடிச்சிருக்காங்க' என்று விட்டுவிடுவோம். அந்த 'ஏதோ' என்னவென்று கண்டுபிடிப்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு பென்சிலும் செல்போனில் இருக்கும் கால்குலேட்டரும் போதும். பற்றுப் பத்தியில், நீங்கள் எடுத்ததாக நினைவில்லாத தொகைகளுக்கு வட்டம் போடுங்கள். ஒவ்வொன்றையும் 1.18ஆல் வகுங்கள். வங்கி தன் கட்டணத்தோடு 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்தே பிடிக்கும். வகுத்தால் வரி கழன்று அசல் கட்டணம் தெரிந்துவிடும். 17.70ஐ வகுத்தால் 15. பெரும்பாலும் அது எஸ்.எம்.எஸ். கட்டணம். 27 ரூபாய் 14 காசு என்றால் 23. இலவச எண்ணிக்கையைத் தாண்டி ஏ.டி.எம்.மில் பணம் எடுத்திருக்கிறீர்கள். 295ஐ வகுத்தால் 250. கடன் தவணைக்குப் பணம் இல்லாமல் திரும்பியதற்கான அபராதமாக அது இருக்கலாம். தொகை வங்கிக்கு வங்கி மாறும், வகுக்கும் கணக்கு மாறாது. சில வங்கிகள் 250ஐ ஒரு வரியிலும் 45ஐ அடுத்த வரியிலும் போடும். திருப்பிக் கேட்கும்போது அந்த 45ஐயும் சேர்த்துக் கேளுங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

மே மாதக் கடைசியில் 20 ரூபாயோ 436 ரூபாயோ போயிருந்தால் அது கட்டணம் அல்ல. நீங்கள் எப்போதோ கையெழுத்துப் போட்ட பிரதமர் காப்பீட்டுத் திட்டங்களின் பிரீமியம். ஒரே திட்டத்துக்கு இரண்டு வங்கியிலும் பிடித்தால் ஒன்றை எழுதிக்கொடுத்து நிறுத்துங்கள். இழப்பீடு எப்படியும் ஒரு கணக்குக்குத்தான்.

இனி குறைந்தபட்ச இருப்பு அபராதம். இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது, அதனால் நிதானமாகவே சொல்கிறேன். பல வங்கிகள் பார்ப்பது ஒரு நாள் இருப்பை அல்ல, மாதச் சராசரியை. ஆயிரம் ரூபாய் வேண்டும் என்றால், 30 நாளின் இரவு இருப்பையும் கூட்டினால் 30,000 வர வேண்டும், அவ்வளவுதான். ஒரு பாஸ்புக்கை எடுத்துக்கொள்வோம். முதல் பத்து நாள் 2,000 இருந்தது, அது 20,000. அடுத்த பத்து நாள் 400 தான், அது 4,000. கடைசிப் பத்து நாள் 600, அது 6,000. கூட்டினால் சரியாக 30,000. அபராதமே கிடையாது! ஆனால் 400 என்ற வரியைப் பார்த்ததும் நாமே 'தப்பு நம்முடையது' என்று முடிவு கட்டிவிடுகிறோம். பதிவு இல்லாத நாள்களை விட்டுவிடாதீர்கள். முந்தைய வரியின் மீதிதான் அந்த நாள்களுக்கும்.

சராசரி குறைந்தே போயிருந்தாலும் வங்கி உடனே பிடிக்க முடியாது. 2015 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி இது: முதலில் எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் அல்லது கடிதம் வழியே எச்சரிக்க வேண்டும், ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். இருப்பு எவ்வளவு குறைந்ததோ அதற்கு ஏற்ற அளவில்தான் அபராதம் இருக்க வேண்டும். இந்த அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸில் போகவே கூடாது. இரண்டு ஆண்டு நீங்கள் தொடாமல் செயலற்றுப் போன கணக்கில் இந்த அபராதமே கூடாது. ஸ்டேட் வங்கி 2020லும், நம் சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் இந்தியன் வங்கி 2025 ஜூலையிலும் சேமிப்புக் கணக்குகளுக்கு இதைக் கைவிட்டுவிட்டன. இன்னும் பிடிக்கும் வங்கிகளால் ஏன் முடியவில்லை என்பது என் நெடுநாள் கேள்வி. அது இருக்கட்டும்.

தவணை அபராதத்தில் ஒன்றைப் பாருங்கள்: தேதி. தவணை ஐந்தாம் தேதி என்றால் நான்காம் தேதி மாலையே பணம் இருக்க வேண்டும். கடன் கொடுத்தவர் காலையில் கேட்டு, பணம் இல்லாமல் தவணை திரும்பிவிட்டால், மதியம் போட்டுப் பயனில்லை. ஆனால் ஒரே தவணையை இரண்டு மூன்று முறை அனுப்பி, ஒவ்வொரு முறையும் 295 போயிருந்தால் கேட்கத்தான் வேண்டும்.

ஏ.டி.எம். பழுதால் பணம் வராமல் போனது இலவச எண்ணிக்கையில் சேராது. கணக்கில் மட்டும் கழிந்திருந்தால், அந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் திரும்ப வர வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய்.

வெளியே கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், சுருக்கிவிடுகிறேன். பாஸ்புக்கில் இருக்கும் வரியே புரியவில்லை என்றால் கிளையில் கேளுங்கள். கட்டணத்தின் தன்மையையும் காரணத்தையும் பாஸ்புக்கில் குறிப்பிட வேண்டும் என்று 2017லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. பிறகு மேலாளருக்கு ஒரு கடிதம்: கணக்கு எண், தேதி, தொகை, ஏன் தவறு என்று ஒரு வரி, ஸ்டேட்மென்ட் நகல். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழிப் புகாருக்குத் தேதி கிடையாது. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். விவரம் கேட்க 14448. இன்னொரு முறை சொல்கிறேன், பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்று, நான்கு, நான்கு, நான்கு, எட்டு.