‘நான்’ எண்டு எழுத எனக்கு இரண்டு வருசம் எடுத்தது: என்ர ஸ்கொலர்ஷிப் கதை

வணக்கம் உறவுகளே, எல்லாரும் சுகமா இருக்கிறியளோ? நான் இப்ப பண்ணைக் கடற்கரையில நிக்கிறன். காத்து கொஞ்சம் கூட, மைக்கில இரைச்சல் வந்தால் குறை நினையாதேங்கோ. வீட்டில இருந்து எடுப்பம் எண்டுதான் பாத்தன், பக்கத்துக் கோயில்ல திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டியிட்டினம். அதுதான் இஞ்ச வந்தனான்.

கன தம்பி தங்கச்சியள் என்னட்டக் கேக்கிற கேள்வி ஒண்டுதான். "அக்கா, வீட்டில காசு இல்லாமல் வெளிநாட்டில மாஸ்டர்ஸ் படிக்க ஏலுமோ?" ஏலும். படிச்சுப்போட்டு வந்துதான் உங்களோட கதைக்கிறன். ஒரு சதமும் செலவாகேல்ல எண்டு சொல்ல மாட்டன். ஐயெல்ட்ஸ் எண்ட இங்கிலீஸ் சோதனைக் காசு, மொழிபெயர்ப்புக் காசு, விசாவுக்குக் கொழும்புக்குப் போய் வந்த காசு எல்லாம் அப்பா தந்தவர். ஆனா படிப்புக் காசு, வாடகை, சாப்பாடு, பிளேன் ரிக்கெற் ஒண்டுக்கும் வீட்டில கை வைக்கேல்ல.

முதல்முதல் அப்பாவிட்ட இதைச் சொன்னபோது அவர் கேட்டது: "பிள்ளை, ஆர் சும்மா இவ்வளவு காசு தருவினம்? ஏதும் ஏமாத்து வேலையா இருக்கும், கவனம்." நான் அவரைக் குறை சொல்ல மாட்டன். எங்கட ஊரில வெளிநாட்டுக்குப் போறதெண்டால் காணியை ஈடு வைக்கிறது, நகையை அடகு வைக்கிறது, கனடாவில இருக்கிற மாமாவிட்டக் கேக்கிறது. காசு கட்டிப் போனவையைத்தான் அவர் கண்டிருக்கிறார், காசு வாங்கிக்கொண்டு போன ஆளை அவர் கண்டதில்லை.

எனக்குக் கிடைச்சது எராஸ்மஸ் முண்டுஸ் எண்ட ஸ்கொலர்ஷிப். அது ஐரோப்பிய ஒன்றியத்தின்ர காசு. மாசம் 1,400 யூரோ, கூடினது 24 மாசத்துக்கு. படிப்புக் கட்டணத்தை அவையே பாப்பினம். ஆகக் குறைஞ்சது இரண்டு நாட்டில படிக்க வேணும். ரிக்கெற், விசா, வாடகை, சாப்பாடு எல்லாம் அந்த 1,400க்குள்ளதான் பாக்க வேணும். என்ர முதல் மாசக் காசு நான் அங்க போய் பாங்க் எக்கவுண்ட் திறந்த பிறகுதான் வந்தது. அதுமட்டும் தாக்குப்பிடிக்கச் சித்தியிட்டக் கடன் வாங்கினனான். இதை எனக்கு முதலே ஆரும் சொல்லேல்ல, அதால உங்களுக்குச் சொல்லுறன்.

வேறயும் இருக்கு. பிரித்தானிய அரசாங்கத்தின்ர செவனிங் ஸ்கொலர்ஷிப். வழமையா ஓகஸ்ட், செப்டெம்பரில திறந்து ஒக்டோபர், நவம்பரில பூட்டுவினம். நல்லூர்த் திருவிழா முடியேக்க அதைப் பாக்கத் தொடங்குங்கோ. அதுக்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேணும், கிட்டத்தட்ட இரண்டு வருசம். முழுநேர வேலைதான் எண்டில்லை, பகுதிநேர வேலையும் தொண்டு வேலையும் சேரும். பட்டம் முடிச்ச பிறகு நீங்கள் செய்தது எல்லாத்தையும் ஒரு கொப்பியில மணித்தியாலத்தோட எழுதிப் பாருங்கோ. கம்பஸ் முடிச்சு ஒண்டும் செய்யேல்ல எண்டு சொல்லுற பிள்ளையள் எத்தினை பேர் சனசமூக நிலையத்தில சின்னப் பிள்ளையளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கினம்! படிச்சு முடிச்சால் இரண்டு வருசம் நாட்டுக்குத் திரும்பி வந்து நிக்க வேணும் எண்டதும் செவனிங்கில ஒரு நிபந்தனை. ஜேர்மனியில படிக்க வாற வெளிநாட்டுப் பிள்ளையளுக்குக் காசு குடுக்கிற டாட் (DAAD) அமைப்பில ஈபொஸ் (EPOS) எண்டு ஒரு ஸ்கொலர்ஷிப் இருக்கு, அதுக்கும் இரண்டு வருச வேலை வேணும், பட்டம் எடுத்து பொதுவா ஆறு வருசத்துக்கு மேல போயிருக்கக் கூடாது. எராஸ்மஸ் முண்டுஸில கன படிப்புகளுக்கு வேலை அனுபவம் கட்டாயமில்லை. இப்பதான் கம்பஸ் முடிச்சவை முதல் அங்க பாருங்கோ.

நான் எண்டால் முதல்ல வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கிற ஒரு ஏஜென்சிக்குத்தான் போனனான். எது எண்டு சொல்லேல்ல. அவை "ஸ்கொலர்ஷிப் எடுத்துத் தாறம்" எண்டவை. கடைசியில பாத்தால் அது படிப்புக் கட்டணத்தில ஒரு கழிவு மட்டும்தான். மிச்சம் எங்கட காணியின்ர பெறுமதி. ஏஜென்சிக்குக் காசு வாறது பிள்ளையளைச் சேர்த்துவிடுற யூனிவர்சிட்டியளிட்ட இருந்து. எராஸ்மஸ், செவனிங் எண்டால் அவைக்கு ஒண்டும் வராது, அதாலதான் அதைப் பற்றிக் கதைக்கிறேல்ல. இதுகளுக்கு நீங்கள் நேர அவையின்ர தளத்திலதான் அப்ளை பண்ண வேணும், நடுவில ஆரும் தேவையில்லை.

சரி, என்ர கதைக்கு வாறன். முதல் வருசம் மூண்டு படிப்புக்குப் போட்டனான், மூண்டும் இல்லை எண்டு வந்தது. எனக்கு செக்கன் அப்பர் கிளாஸ், ஐயெல்ட்ஸ் ஏழு. பிறகு ஏன்?

நான் படிக்கக் கேட்டது நிலத்தடி நீர். உங்களுக்குத் தெரியும், எங்கட யாழ்ப்பாணக் குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறே இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள்ள மழைத்தண்ணி இறங்கி நிக்கும், அதைத்தான் கிணத்தால அள்ளிக் குடிக்கிறம். வெங்காயத் தோட்டத்துக்குப் போடுற யூரியாவும் மலசலகூடக் குழிக் கழிவும் அதே கல்லுக்குள்ளதான் இறங்குது, அதாலதான் தண்ணியில நைத்திரேற் கூடுது. குடிதண்ணியில நைத்திரேற் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, கைக்குழந்தையளுக்கு அது கூடாது. கம்பஸில என்ர கடைசி வருச ஆய்வு இதுதான். உரும்பிராய், கோண்டாவில், இணுவில் எண்டு 40 கிணறு. விடிய அஞ்சரைக்குச் சைக்கிள்ல போத்திலும் ஐஸ்பெட்டியும் கட்டிக்கொண்டு போனது நான். வீட்டுக்காரர் "கிணத்தைப் பற்றி எழுதினால் காணி விலை போகாது பிள்ளை" எண்டு மறிச்ச இடங்களில குந்தியிருந்து கதைச்சு விளங்கப்படுத்தினதும் நான்.

அப்ப அப்ளிகேசனோட அனுப்பின எஸ்ஸேயில நான் எழுதினது என்ன தெரியுமோ? "சிறுவயது முதலே எனக்கு விஞ்ஞானத்தில் ஆர்வம். எங்கள் குழு கிணறுகளை ஆய்வு செய்தது. நாங்கள் கற்றுக்கொண்டோம்." முழுக்க நாங்கள், நாங்கள், நாங்கள். வெளிநாட்டில படிச்சுக்கொண்டிருந்த ஒரு அக்கா அதை வாசிச்சுப்போட்டு போனில கேட்டவ: "இதில நீ எங்கயடி நிக்கிறாய்?"

எனக்கு அழுகை வந்திட்டுது. "நான் செய்தனான்" எண்டு எழுத கை வருகுதே இல்லை. சின்னனில இருந்து எங்களுக்குச் சொல்லித் தந்தது என்ன? தன்னைப் பற்றித் தானே கதைக்கக் கூடாது. முதலாம் பிள்ளையா வந்தாலும் "ஏதோ பாஸ் பண்ணியிட்டன்" எண்டுதான் சொல்ல வேணும். அது நல்ல வளர்ப்புத்தான், எனக்கு அதில இப்பவும் மரியாதை இருக்கு. ஆனா எங்கயோ ஒரு நாட்டில இருந்து வாசிக்கிற ஆளுக்கு உங்கட அடக்கம் தெரியாது. அவருக்குத் தெரியிறது வெறும் கடதாசி. அதில நீங்கள் இல்லையெண்டால் நீங்கள் ஒண்டும் செய்யேல்ல எண்டுதான் அவர் எடுப்பார்.

பிறகு நான் செய்தது இதுதான். போனில றெக்கோர்டரைப் போட்டு, அம்மம்மாவுக்குச் சொல்லுற மாதிரித் தமிழில சொன்னன். அம்மம்மாவிட்ட வெக்கம் இல்லைத்தானே. "அம்மம்மா, நான் அண்டைக்கு எங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணியைச் சோதிச்சனான், 50க்கு மேல காட்டிச்சு. ரெண்டு தரம் திருப்பிப் பாத்தனான். பிறகு அம்மாவிட்ட, அண்ணாவின்ர குழந்தைக்கு இந்தத் தண்ணியில பால் கரைக்க வேண்டாம் எண்டு சொன்னனான்." அதைத் திருப்பிக் கேட்டு, அப்படியே இங்கிலீசில எழுதினன். எஸ்ஸேயின்ர முதல் வசனமே அந்தக் கிணறுதான். கூட வேலை செய்த மூண்டு பேரையும் விடேல்ல, ஆர் என்ன செய்தவை எண்டு எழுதிப்போட்டு, என்ர பங்கு எது எண்டதையும் எழுதினன். பொய் ஒண்டும் இல்லை, கூட்டிச் சொன்னதும் இல்லை. அடுத்த வருசம் அந்த எஸ்ஸேதான் என்னை அனுப்பினது.

றெக்கமண்டேசன் லெற்றருக்கும் இதே கதைதான். எங்கட சேர்மாருக்கு வேலை கூட, கன பேர் "நீரே எழுதிக்கொண்டு வாரும், நான் சைன் பண்ணுறன்" எண்டு சொல்லுவினம். முதல் வருசம் இரண்டு பேருக்கும் நான்தான் எழுதினனான், இரண்டும் ஒரே மாதிரி இருந்தது. வாசிக்கிற ஆளுக்கு அது உடன பிடிபடும். அடுத்த தரம் ஒரு பக்கத்தில குறிப்பு மட்டும் எழுதிக் குடுத்தன். என்ன பாடம், எந்த வருசம், ஆய்வில எனக்கு வந்த பிரச்சினை, அதை எப்பிடித் தீர்த்தனான் எண்டு. அதை வைச்சு அவை தங்கட சொல்லில எழுதித் தந்தவை. ஒரு மாசத்துக்கு முதல் கேளுங்கோ, கம்பஸ் மெயில்ல இருந்து அனுப்பச் சொல்லுங்கோ.

எங்கட பேர்ப் பிரச்சினையையும் சொல்லத்தான் வேணும். அப்பான்ர பேர் முன்னுக்கு, எங்கட பேர் பின்னுக்கு. பிறப்புச் சான்றிதழ் தமிழில. மொழிபெயர்க்கிறவர் இங்கிலீசில ஒரு மாதிரி எழுதுவார், ஓஎல் சேர்ட்டிபிக்கற்றில இன்னொரு மாதிரி, பாஸ்போட்டில வேற மாதிரி. ஒரு எழுத்துப் பிசகினாலே ரெண்டு ஆளோ எண்டு கேப்பினம். முதல் பாஸ்போட்டை எடுங்கோ, அதில இருக்கிற எழுத்துப்படியே மொழிபெயர்க்கச் சொல்லுங்கோ. பழைய சேர்ட்டிபிக்கற்றில பிழை இருந்தால், ரெண்டு பேரிலயும் இருக்கிறது ஒரே ஆள்தான் எண்டு சத்தியக்கடதாசி ஒண்டு முடிச்சு வையுங்கோ. சேர்ட்டிபிக்கற்றுகளுக்கு வெளிநாட்டு அமைச்சின்ர அத்தாட்சி எடுக்க இப்ப கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, யாழ்ப்பாணக் கச்சேரியிலயே (மாவட்டச் செயலகம்) அவையின்ர ஒபிஸ் இருக்கு.

ஜேர்மனிக்குப் பாக்கிற ஆக்களுக்கு ஒரு சொல்லு. தமிழ்நாட்டு அண்ணாமார் போடுற வீடியோவில "ஏபிஎஸ் சேர்ட்டிபிக்கற் கட்டாயம்" எண்டு சொல்லுவினம், அது எங்கட படிப்புப் பத்திரங்கள் உண்மையோ எண்டு பாத்துக் குடுக்கிற சான்றிதழ். அந்தக் கட்டாயம் இந்தியப் பட்டதாரியளுக்கு, எங்களுக்கு இல்லை. அதைக் கேட்டுப் பயந்து அந்த வருசம் அப்ளை பண்ணாமல் விட்ட ஒரு தங்கச்சியை எனக்குத் தெரியும். எனக்கு அது இப்பவும் கவலை.

இருட்டுது, லைற் காணாது. சனிக்கிழமையில பின்னேரம் நாலு மணிக்கு எங்கட சனசமூக நிலையத்தில நான் இருப்பன். எஸ்ஸேயைப் பிரிண்ட் எடுத்து, வரிக்கு வரி இடைவெளி விட்டுக் கொண்டு வாங்கோ. காசு ஒண்டும் வேண்டாம். சிவப்புப் பேனையோட இருந்து, ‘நாங்கள்’ எண்டு இருக்கிற இடம் எல்லாத்துக்கும் கீழ கோடு போட்டு "இதில நீர் என்ன செய்தனீர்?" எண்டு கேப்பன். பதிலைத் தமிழிலயே சொல்லுங்கோ.