ஆளில்லாமல் பந்தயம் ஓடும் சின்னக் கார்

நேயர்களுக்கு வணக்கம். இன்று நான் சொல்லப்போகும் பந்தயக் காரில் ஆளும் கிடையாது, அதை ரிமோட்டில் ஓட்டுபவரும் கிடையாது. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, நீளம் ஏறக்குறைய அரை மீட்டர். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எஃப்1டென்த் போட்டிக்காகப் பொறியியல் மாணவர்கள் உருவாக்கும் வண்டி இது. முதல் பந்தயம் 2016-இல் பிட்ஸ்பர்க் நகரில் நடந்தது. இப்போது ரோபோரேசர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்.

கடையில் விற்கும் ரிமோட் காரை வாங்கி, மேல்மூடியைக் கழற்றி, ஒரு தட்டைத் திருகிப் பொருத்துவார்கள். அதன்மேல் ஒரு குட்டிக் கணினி, மோட்டாரைக் கட்டுப்படுத்தும் பலகை, முன்னால் லைடார். லேசரை வீசித் தூரம் அளக்கிற கருவி இது. வண்டியிலேயே விலை கூடிய பொருளும் பெரும்பாலும் இதுதான்.

வழக்கமாகப் பொருத்தும் லைடார் நொடிக்கு 40 முறை சுற்றிப் பார்க்கும். அதாவது 25 மில்லி நொடிக்கு ஒரு தடவை. கார் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போனால், அந்த இடைவெளிக்குள் பன்னிரண்டரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கணினி யோசித்து, ஸ்டீயரிங் திரும்பி முடிப்பதற்குள் இன்னும் கொஞ்சம். ஆகவே கார் எப்போதும் பழைய செய்தியை நம்பித்தான் ஓடுகிறது. மாணவர்கள் எடுத்த எடுப்பில் இயந்திரக் கற்றலுக்கு, அதாவது தரவைக் காட்டிக் கணினியையே கற்க வைக்கும் முறைக்குப் போய்விடுகிறார்கள். முதலில் இந்தத் தாமதத்தை அளந்து பாருங்கள் என்பேன் நான்.

எளிய முறை ஒன்று உண்டு: எந்தப் பக்கம் தூரம் அதிகமாகக் காலியாக இருக்கிறதோ, அந்தப் பக்கம் திரும்பு. நேர்ப்பாதையில் அழகாக ஓடும். திருப்பத்தில்தான் வம்பு. மூக்கு தப்பிவிடும், பின்சக்கரம் உள்சுவரில் மோதும். லைடார் ஒரு புள்ளியிலிருந்து பார்க்கிறது, காருக்கோ அகலம் உண்டு. அதனால் அடுத்தடுத்த இரண்டு அளவுகளுக்கிடையே தூரம் திடீரென்று தாவும் இடங்களில், சுவரின் விளிம்பைக் காரின் பாதி அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நீட்டி வைத்துக் கணக்கிட வேண்டும். சில வரி நிரல்தான், ஆனால் மோதல் வெகுவாகக் குறையும்.

அப்புறம், தரை. வழவழப்பான டைல்ஸில் சக்கரம் வழுக்கினால், மோட்டார் சுற்றியதை வைத்துக் கணினி போடும் தூரக் கணக்கு பொய்யாகிவிடும். கண்ணாடிக் கதவு இன்னும் மோசம், லேசர் ஊடுருவிப் போய்விடும். அங்கே வழி இருப்பதாக நம்பிக் கார் பாயும்! பந்தயத் தடத்துக்கு இரண்டு பக்கமும் காற்றுக் குழாய்களைப் போடுவது வழக்கம். மோதினாலும் வண்டி பிழைக்கும்.

சோதனையின்போது ஜாய்ஸ்டிக் ஒருவர் கையில் இருக்கட்டும். பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் கார் தானாக ஓட வேண்டும், விரலை எடுத்தால் நின்றுவிட வேண்டும். கார் வாங்க வசதியில்லாத கல்லூரிகளும் தொடங்கலாம், காரைக் கணினித் திரையிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் கண்ணாடிக் கதவுதான் இருக்காது.

நன்றி, வணக்கம்.