குரோஜானின் 27 வினாடி: எது உடைஞ்சது, எது தாங்குச்சு?

(திரையில்: ஸ்பா, 2012, முதல் வளைவு)

2020-ல எரியுற பந்தயக் காருக்குள்ள ரோமன் குரோஜான் இருந்தது 27 வினாடி. அதுக்கு முன்னாடி எட்டு வருஷம் பின்னாடி போவோம். பெல்ஜியம் கிராண்ட் பிரீ, ஃபார்முலா 1 (எஃப்1) கார் பந்தயம். விளக்கு அணைஞ்சு பந்தயம் தொடங்கி சில வினாடிதான். லோட்டஸ் அணி கார்ல குரோஜான் வலது பக்கமா ஒதுங்கி, இன்னொரு ஓட்டுநர் ஹாமில்டனோட காரை உரசுறார். ஓபன் வீல் கார்ல சக்கரத்துக்கு மேல மூடி இல்ல. சுத்துற ரெண்டு டயர் தொட்டுக்கிட்டா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி காரையே தூக்கிரும். அப்படித்தான் அவர் கார் எகிறி, சக ஓட்டுநர் அலோன்சோவோட தலையை மயிரிழையில தாண்டிப் போச்சு. தண்டனை, ஒரு பந்தயத் தடையும் 50,000 யூரோ அபராதமும்.

எஃப்1-க்கு அடுத்த படியில இருந்த ஜிபி2 பந்தயத் தொடர்ல 2011 சாம்பியன், எஃப்1-ல 10 போடியம் (முதல் மூணு இடத்துக்குள்ள). வேகத்துல குறையே இல்ல. முதல் லேப்தான் (முதல் சுற்று) அவருக்கு வினையா இருந்துச்சு.

2018-ல ஹேலோ கட்டாயமாச்சு. ஓட்டுநர் தலையைச் சுத்தி ஒரு டைட்டானிய வளையம், எடை சுமார் 7 கிலோ. ஆரம்பத்துல குரோஜானுக்கு அதுல உடன்பாடு இல்ல.

(திரையில்: பஹ்ரைன், 29 நவம்பர் 2020)

மறுபடியும் முதல் லேப். இப்போ ஹாஸ் அணியில இருந்த குரோஜான் காரை வலது பக்கம் திருப்புறப்ப, பின் சக்கரம் இன்னொரு ஓட்டுநர் க்வியாட்டோட முன் சக்கரத்துல பட்டுது. கார் கட்டுப்பாட்டை இழந்தப்ப வேகம் மணிக்கு 241 கி.மீ., ஓரத் தடுப்புல மோதினப்ப 192. உச்ச விசை 67 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 67 மடங்கு.

அந்தத் தடுப்புல மூணு இரும்புப் பட்டை. நடுப்பட்டை அறுந்து, ஓட்டுநர் இருக்கற கூடு அதுக்குள்ள புகுந்துருச்சு. மேல்பட்டை சரியா தலை உயரம். அதை முட்டித் தள்ளுனது ஹேலோதான்.

மோதினதுமே கார் தீப்பிடிச்சுது. அந்தத் தீ எங்கிருந்து வந்துச்சு? கார் ரெண்டாப் பிளந்ததை எல்லாரும் பார்த்தோம். ஆனா எரிபொருள் வெளியேற ரெண்டு வழி இருந்துச்சு: கூட்டோட இடது பக்கத்துல இருந்த எரிபொருள் சோதனை மூடி கழன்றது, இன்ஜினுக்குப் போற இணைப்பு எரிபொருள் பையிலிருந்து பிய்ஞ்சது. பின்னாடி பத்தின தீ முன்னாடி நகர்ந்தது.

இடது கால் சிக்கிக்கிச்சு. ஷூவை உள்ளேயே விட்டுட்டு காலை உருவினார். முதல் லேப்ல மருத்துவ கார் கூட்டத்துக்குப் பின்னாலயே ஓடும். அதனாலதான் 11 வினாடியில வந்து நின்னுச்சு. 27-வது வினாடியில அவர் வெளிய.

புறங்கைகள் ரெண்டும் வெந்திருந்துச்சு. ஸ்டியரிங் பிடி கைக்குத் தெரியணும்னு கையுறையை மெல்லிசாத்தான் தைப்பாங்க. உடை அளவுக்கு அது தாங்காது.

(திரையில்: இண்டியானாபோலிஸ், மே 2021)

அடுத்த வருஷம் இண்டிகார், அமெரிக்காவோட ஓபன் வீல் பந்தயத் தொடர். அங்க ஹேலோ கூடவே கண்ணாடி மாதிரி ஒரு தடுப்பும் சேர்த்திருப்பாங்க, பேரு ஏரோஸ்கிரீன். அதுக்குள்ள உட்கார்ந்து, தன்னோட மூணாவது பந்தயத்துலயே போல் பொசிஷன் (முதல்ல நின்னு தொடங்குற இடம்) எடுத்து, ரெண்டாவதா முடிச்சார் குரோஜான்.